ஆல்பத்தில் இருப்பவள்: ஒரு பேய்க் குறும்படம், இதுவரை

கல்யாண வீடியோவும் ஆல்பமும்தான் எனக்குச் சோறு போடுகின்றன. பாலக்கோடு பக்கம் ஊர். முகூர்த்தம் இல்லாத மாதங்களில் கேமராவைச் சும்மா வைக்க மனசு வராமல் குறும்படம் எடுப்பேன். இந்த முறை பேய்ப்படம். அதுவும் பயமுறுத்திக்கொண்டே யாரையாவது நறுக்கென்று கிள்ளுகிற வகை. ஆடியில் ஆரம்பித்தது இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது.

கதை சின்னதுதான். புதுசாகக் கல்யாணமான பெண், பல்லில் எங்கள் ஊர்க் கறை. ஆல்பம் வீட்டுக்கு வருகிறது. அதில் அவள் பல் பளீரென்று வெள்ளையாக இருக்கிறது. அன்று ராத்திரியிலிருந்து வீட்டுக்குள் யாரோ சிரிக்கிறார்கள். ஆல்பத்தில் இருந்தவள் இறங்கி வந்துவிட்டாள். வீட்டில் ஒருவருக்கும் அவளைக் கண்டு பயமில்லை. மாமியாருக்கு அவளைத்தான் பிடித்திருக்கிறது. பயப்படுகிற ஒரே ஆள் மருமகள்.

வெளியூர்க்காரர்களுக்காகக் கறையைப் பற்றிக் கொஞ்சம். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பாறையிலிருந்தே நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு கலந்து வரும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது கணக்கு. இங்கே பல போர்வெல்களில் அதற்கு மேல். காய்ச்சிக் குடித்தாலும் போகாது, தண்ணீர் வற்ற வற்ற அதன் அளவு கூடத்தான் செய்யும். சின்ன வயதில், நிலைப்பற்கள் உள்ளே உருவாகிக்கொண்டிருக்கும்போது இந்தத் தண்ணீரைக் குடித்தால் மஞ்சளும் பழுப்புமாகக் கோடு விழும். அப்புறம் எந்தப் பற்பசை போட்டுத் தேய்த்தாலும் ஆயுசுக்கும் அப்படியேதான். ஜப்பான் கடனுதவியில் கட்டிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் திறந்த பிறகு எத்தனையோ ஊர்களுக்குக் காவிரித் தண்ணீர் வந்துவிட்டது. தண்ணீர் மாறியது, பெரியவர்கள் பல் மாறவில்லை. ஒரே வீட்டில் அம்மாவுக்குக் கறை, மகனுக்கு இல்லை என்று இருக்கும்.

ஆல்பத்தில் பல்லை வெளுக்க வைப்பது எங்கள் தொழிலில் யாரும் கேட்காமலே நடக்கிற வேலை. தோலை வெளுக்க வைக்கிற மாதிரிதான், கை தானாகப் போகும். போன சீசனில் ஒரு பெண்ணின் முழுப் பக்கப் படத்தைச் சரி செய்துவிட்டுப் பெரிதாக்கிப் பார்த்தேன். பல் இருக்க வேண்டிய இடத்தில் ட்யூப்லைட் எரிகிற மாதிரி இருந்தது. பேய்ப்படத்துக்கு மேக்கப்மேன் தேவையே இல்லையே என்று தோன்றிய இடம் அதுதான்.

எழுத உட்காருவதற்கு முன்னால் இந்த வகைப் படங்களைப் பாடம் மாதிரி பார்த்தேன். முதலில் ஜார்ஜ் ரொமேரோவின் ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’, 1968. செத்த பிணங்கள் எழுந்து வந்து ஒரு வீட்டைச் சூழ்ந்துகொள்கிற அமெரிக்கப் படம். படத்தின் பெயரைக் கடைசியில் மாற்றியபோது காப்புரிமை வாசகம் விடுபட்டுப் போனதால் அது அன்றைக்கே பொதுச் சொத்தாகிவிட்டது. அதனால் துணிச்சலாக இறக்கி, எடிட்டிங் டைம்லைனில் போட்டு, ஷாட் ஷாட்டாகப் பிரித்தேன். எல்லோரும் பிணங்களைப் பற்றிப் பேசுகிறார்கள். எனக்கு அந்த வீட்டுக்குள் நடக்கிற சண்டைதான் பெரிதாகப் பட்டது. வெளியே சாவு சுற்றி நிற்கிறது, உள்ளே மேலே இருப்பதா நிலவறைக்குப் போவதா, யார் சொன்னதை யார் கேட்பது என்று தகராறு. கடைசியில் ராத்திரி முழுக்கத் தப்பிப் பிழைத்த கறுப்பின நாயகனைக் காப்பாற்ற வந்த கூட்டமே சுட்டுவிடுகிறது. படத்தில் ஒருவர் வாயிலும் நிறம் என்ற பேச்சே வராது. நடிப்புத் தேர்வில் டுவேன் ஜோன்ஸ்தான் நன்றாகச் செய்தார், அதனால் எடுத்தோம் என்றுதான் ரொமேரோவும் சொல்லிவந்தார். 1968இல் அமெரிக்காவில் அந்த முடிவைப் பார்த்தவனுக்கு விளக்கவுரை தேவைப்பட்டிருக்காது.

அடுத்து ஜோர்டன் பீலின் ‘கெட் அவுட்’, 2017. இனவெறியைக் கிள்ளுகிற திகில் படம், திரைக்கதைக்கு ஆஸ்கர் வாங்கியது. அதில் வீட்டு வேலைக்காரப் பெண் சிரித்துக்கொண்டே “நோ, நோ, நோ” என்பாள், கண்ணிலிருந்து நீர் இறங்கும். அந்தச் சிரிப்புக்காகவே திரும்பத் திரும்பப் பார்த்தேன். ரத்தம் இல்லை, கோரைப்பல் இல்லை. நல்ல வரிசையான பல் மட்டும்தான்.

நம்ம ஊர்ப் பேய்ப்படங்களையும் விடவில்லை. ‘காஞ்சனா’ வந்த 2011இல் நிலத்தைப் பறிகொடுத்துக் கொலையான ஒரு திருநங்கையின் ஆவிக்கு மொத்தத் தியேட்டரும் கைதட்டியது பெரிய விஷயம். மறுக்கமாட்டேன். ஆனால் சிரிப்பு ஒரு பாதியிலும் நியாயம் ஃப்ளாஷ்பேக்கிலும் தனித்தனியாக இருக்கும். அதன் பிறகு வந்தவற்றில் பலதும் அதே அச்சு: பேயைப் பார்த்து நாலு பேர் விழுந்தடித்து ஓடுவது காமெடி, பேய்க்கு நடந்த கொடுமை கருத்து. எனக்கு இரண்டும் ஒரே ஷாட்டில் வேண்டும். அதற்கு யாரும் ஓடக்கூடாது. பேய் வந்து உட்கார்ந்தால் காபி கொடுக்க வேண்டும்.

மருமகளாக நடித்தது சித்தப்பா மகள். ஓசூரில் கம்பெனி வேலை, விடுமுறைக்குத்தான் வருவாள். கறை அவளுடைய சொந்தக் கறை. கதையைச் சொல்லத் தயங்கித் தயங்கித்தான் சொன்னேன். கேட்டுவிட்டு, “அண்ணா, பேயா நடிக்கறப்ப மட்டும்தான வெள்ளையா வரும்? சரி, எடு” என்றாள். மாமியார் வேஷத்துக்கு அத்தை. அத்தைக்கு வசனம் எழுதிக் கொடுத்தது வீண். ஆல்பத்தைப் புரட்டிக்கொண்டே தானாக ஒன்று சொன்னார்: “ஏங்கண்ணு, இதுல சிரிக்கற மாதிரி நேர்ல சிரிச்சா என்னாவாம்?” நான் யோசித்து எழுதிய மூன்று பக்கத்தையும் அந்த ஒரு வரிக்காகத் தூக்கிவிட்டேன்.

இரட்டை வேடக் காட்சிகளுக்கு ட்ரைபாடை அசைக்காமல் இரண்டு முறை எடுத்து நடுவில் வெட்டி ஒட்டினேன். சிரமம் சுவர் நிழலில்தான்; கரண்ட் போய் இன்வெர்ட்டர் விளக்கு வந்தால் முதல் பாதியும் இரண்டாம் பாதியும் வேறு வேறு வீடு ஆகிவிடும். பல் வேலை டாவின்ச்சி ரிசால்வ் என்கிற எடிட்டிங் மென்பொருளில். வாயைச் சுற்றி ஒரு வட்டம் (விண்டோ) போட்டு, அது வாயோடு சேர்ந்து நகர ட்ராக்கரை ஓட விட்டு, மஞ்சளை மட்டும் பிடித்து நிறத்தை இறக்கி, வெளிச்சத்தைக் கொஞ்சம் ஏற்ற வேண்டும். கல்யாண அளவுக்கு ஏற்றினால் அழகு. அதற்கு ஒரு பிடி மேலே போனால் அடிவயிறு கலங்குகிறது. அந்த ஒரு பிடியில்தான் மொத்தப் படமும் நிற்கிறது. உதடு மூடித் திறக்கும்போது ட்ராக்கர் நழுவி வெள்ளை ஒரு நொடி கன்னத்தில் ஏறிவிடும். ஒரு ஷாட்டில் மட்டும் அதை அப்படியே விட்டுவைத்திருக்கிறேன், பார்க்கச் சகிக்கவில்லை என்பதாலேயே.

புரட்டாசியில் முதல் வெட்டை, அதாவது முதல் எடிட்டை, சொந்தக்காரர்களுக்கு மொட்டை மாடியில் போட்டுக் காட்டினேன். படத்தில் மாற்றம் வந்ததெல்லாம் அன்றைய ராத்திரியால்தான். மருமகளின் முதல் க்ளோசப், கறைப் பல்லோடு சிரிக்கிறாள். பையன்கள் கூட்டம் கொல்லென்று சிரித்தது. அதில் பாதிப் பேருக்கு அதே பல். அவள் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள், ஒன்றும் சொல்லவில்லை. படத்தில் இருந்த நையாண்டி அத்தனையும் அவள் மேல் போய் விழுந்துவிட்டது. பேயைக் காட்டியபோது ஒருவர் “சூப்பரா இருக்குப்பா பொண்ணு” என்றார். அவர் கிண்டலாகவும் சொல்லவில்லை!

வரிசையை மாற்றினேன். இப்போது படம் மாப்பிள்ளையின் வாயில் தொடங்குகிறது. அவனுக்கும் கறைதான், வெற்றிலை பாக்கு போட்டுக்கொண்டு வாய் நிறையச் சிரிக்கிறான், யாரும் எதுவும் கேட்கவில்லை. அடுத்து மாமனார். அப்புறம் அத்தை, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு மருமகளின் ஆல்பத்தை மெச்சுகிறார். பொத்துவது நடிப்பில்லை. எங்கள் பக்கத்துப் பெண்கள் நிறையப் பேர் சிரிக்கும்போது கை தானாக வாய்க்குப் போகும். கடைசியாகத்தான் மருமகள் முகம் வருகிறது, அதுவும் ஆல்பப் பக்கத்தில் பட்டுத் தெறிக்கிற வெளிச்சத்தில். பேய் மட்டும் கையை வாய்க்கு எடுத்துக்கொண்டு போகவே மாட்டாள். மடியில் வைத்துக்கொண்டு, எல்லோரையும் பார்த்து, வாய் திறந்து சிரிப்பாள். இந்த வெட்டைப் போட்டபோது சிரிப்பு அத்தையின் வரிக்குத்தான் வந்தது. பேய் உட்கார்ந்த பிறகு வரவில்லை.

ஒலி இன்னும் அரைகுறை. பேய்க்குத் தனிச் சத்தம் எதுவும் வைக்கப்போவதில்லை. கரிஸ்மா ஆல்பத்தின் தடித்த தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பிரியும்போது ஒரு ‘பர்ர்ர்க்’ வரும், அது போதும். தண்ணீர்க் கேனிலிருந்து சொம்புக்கு நீர் இறங்கும் சத்தத்தைத் தனியாகப் பதிந்து வைத்திருக்கிறேன். பேய் கேன் தண்ணி மட்டும்தான் குடிப்பாள், மருமகள் குழாய்த் தண்ணி.

முடிவுதான் உதைக்கிறது. மருமகள் அந்தப் பக்கத்தைக் கிழித்தெறிவதாக எழுதியிருந்தேன். கரிஸ்மா தாள் கிழியாது. கடையில் கிடந்த பழைய சாம்பிள் ஆல்பம் ஒன்றை வைத்து இழுத்துப் பார்த்தோம், அவள் விரல்தான் சிவந்தது. தண்ணீரில் போட்டால் துடைத்து வைத்துக்கொள்ளலாம். கொளுத்துகிற காட்சி என்றால் அத்தை வீட்டுக்குள் விடமாட்டார். தங்கச்சி சொன்ன முடிவு வேறு: மருமகள் ஆல்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ் ஏறி ஸ்டுடியோவுக்கு வருகிறாள், கல்லாவில் வைக்கிறாள், “என் பல்லைத் திருப்பிப் போடுங்க” என்கிறாள். ஸ்டுடியோக்காரனுக்கு என்ன கேட்கிறாள் என்றே புரியாமல், இன்னும் கொஞ்சம் வெள்ளையாக்க வேண்டுமா என்று விசாரிக்கிறான்.

அதை விடச் சரியான முடிவு எனக்குக் கிடைக்கவில்லை. அந்த ஸ்டுடியோக்காரன் வேஷத்துக்கு ஆள் தேடுகிறேன் என்றேன். “எதுக்கு தேடற? கடை உன்னுது, கம்ப்யூட்டர் உன்னுது, நீயே உக்காரு” என்கிறாள். தை முகூர்த்தங்கள் முடிந்து கடை கொஞ்சம் ஓய்ந்ததும் எடுக்க வேண்டும். வசனம் எழுத வேண்டிய வேலை இல்லை, தினம் பேசுவதுதான்.