மூழ்கிய கடிகாரம்

ஜூலை 8, 2024, திங்கள்

இன்று அடகுக்கடையில் ஏலத்துக்கு முந்தைய எடை சரிபார்ப்பு. நகை ஆசாரியான என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். எந்தக் கடை என்று எழுதப்போவதில்லை. வேலூரில் லாங் பஜாரைச் சுற்றி இருக்கும் கடைகளில் ஒன்று, அவ்வளவுதான். ஓராண்டு ஏழு நாள் கெடு தாண்டி, நோட்டீஸ் போயும் மீட்க ஆள் வராத பொட்டலங்கள் நாற்பத்தேழு. எங்கள் தொழிலில் இவற்றை ‘மூழ்கிய நகை’ என்போம். மோதிரங்கள், தாலிக்குண்டுகள், ஒற்றைக் கம்மல். ஏன் ஒற்றை என்று யோசிக்கும் வழக்கம் எனக்கு எப்போதோ போய்விட்டது.

முப்பத்தோராவது பொட்டலத்தில் ஒரு பாக்கெட் கடிகாரம். சீட்டில் இப்படி எழுதியிருந்தது: ‘தங்க வாட்ச் 1. மொத்தம் 94.600. கழிவு 20. நிகரம் 74.600.’ எழுதிய புண்ணியவான் அதைத் திறந்தே பார்க்கவில்லை.

சாவி கொடுக்கும் திருகை அழுத்தினால் முன்மூடி எகிறித் திறக்கும் வகை. பின்மூடியின் உட்புறத்தில் பெண் தலை முத்திரை. 1880இல் வந்த சுவிட்சர்லாந்துச் சட்டப்படி 18 காரட்டுக்கு அந்தத் தலை, 14 காரட்டுக்கு அணில். உரைகல்லில் இழுத்து அமிலம் வைத்தேன், கோடு நின்றது. தங்கத்தின் சுத்தம் பார்க்கும் டச் மெஷினிலும் நூற்றுக்கு 75தான் வந்தது. ஆனால் பின்மூடிக்குள் இன்னொரு மூடி இருக்கிறது. அது பித்தளை, மேலே முலாம். ‘மெட்டல்’ என்று சுவிஸ்காரன் நேர்மையாக அதிலேயே அச்சடித்திருக்கிறான். நம் ஆள்தான் படிக்கவில்லை.

பிரித்து எடை போட்டேன். பித்தளை மூடி 8.9, கண்ணாடி 2.4, டயலும் முள்ளும் சேர்த்து மெஷின் 37.1. தங்கம் 46.2 கிராம்தான். 22 காரட் கணக்கில் மாற்றினால் 37.8. ‘74.600’ஐ அடித்துத் திருத்தியபோது முதலாளியின் முகம் வாடியது. நல்லவேளை, கொடுத்த கடன் குறைவு. வட்டியோடு சேர்த்தும் ஒன்றரை லட்சத்தைத் தாண்டவில்லை.

ஜூலை 10, புதன்

சிப்பாய்ப் புரட்சி நாள். 1806இல் இறந்தவர்களுக்கான நினைவுத்தூணுக்கு மாலை போடுகிறார்கள் என்று மக்கான் பக்கம் வண்டிகளை நிறுத்தியிருந்தார்கள். கோட்டையைச் சுற்றிக்கொண்டு நடந்தே போனேன்.

திங்கள்கிழமையிலிருந்து அந்த டயல் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. வெள்ளை எனாமல், ரோமன் எண்கள், நடுவில் ‘பி. ஓர் அண்ட் சன்ஸ், மெட்ராஸ்’. சென்னை மவுண்ட் ரோட்டின் பழைய கடிகாரக் கடை. அந்தக் காலத்தில் வெளிநாட்டில் செய்த மெஷின்கூட இங்கே விற்பவரின் பெயரைத் தாங்கித்தான் வரும்.

ஒன்றை எழுதிவிடுகிறேன். பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு இதேபோல் இரண்டு கடிகாரங்கள் என் கையில் வந்தன. கொறடால் கீலைத் திருகி, மூடிகளைத் தனியே எடுத்து எடை போட்டுவிட்டு, மெஷின்களைக் குப்பைக் கூடையில் போட்டவன் நான்தான். ஒன்று கூடைக்குள் கிடந்தபடியே சிறிது நேரம் ஓடியது. கடைப் பையன் சிரித்தான். நானும் சிரித்தேன்.

ஜூலை 13, சனி

முதலாளியிடம் கெஞ்சி, பாயைக் கடைக்கு வரவழைத்தேன். பாய் பழைய கடிகாரம் பழுதுபார்ப்பவர். அவர் மேசை என் பட்டறையிலிருந்து நாலு கடை தள்ளி. அடகுப்பொருள் கடையை விட்டு வெளியே போகக்கூடாது என்பதால், கண்ணில் மாட்டும் லென்ஸோடு அவரே வந்தார்.

உட்கார்ந்ததும் என்னைத் திட்டினார். “ஆசாரியாரே, மூடியை டப்பென்று அடித்து மூடாதீர்கள். திருகை அழுத்திப் பிடித்து, மூடியை வைத்து, பிறகு விடவேண்டும். இல்லையென்றால் தங்க விளிம்பு தேயும்.” பார்த்தால், விளிம்பு ஏற்கெனவே தேய்ந்துதான் இருந்தது. யாரோ பல வருடம் பெருமையாக டப், டப் என்று மூடியிருக்கிறார்கள்.

மூன்று சுற்றுச் சாவி கொடுத்தார். ஓடியது. நொடிக்கு ஐந்து தட்டு. மணிக்குப் பதினெட்டாயிரம் என்று அவர் சொன்னதும், எண்ண முயன்று தோற்றேன். அச்சுமுனைகள் தேயாமல் தாங்கும் கல் பதினைந்து, லீவர் மெஷின். நேரம் மாற்றுவதற்குத் திருகை இழுக்கக் கூடாது. பக்கத்தில் இருக்கும் சிறு குமிழை நகத்தால் அழுத்திக்கொண்டு திருக வேண்டும். 1890 வாக்கில் செய்ததாக இருக்கும் என்பது பாயின் கணிப்பு. அரை நிமிடம் ஓடவிட்டு, ஒரு மெல்லிய மயிரால், முன்னும் பின்னும் ஆடும் பாலன்ஸ் வீலைத் தொட்டு நிறுத்திவிட்டார். “எண்ணெய் காய்ந்துவிட்டது. இப்படியே ஓடினால் ஊசிமுனைகள் தேயும்.”

பாய் சொன்ன இன்னொரு விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது. இது விற்ற காலத்தில் காட்டியது இன்றைய மணி அல்ல, மெட்ராஸ் நேரம். அப்போது நாடு முழுவதும் ரயில்கள் அந்த நேரத்தில்தான் ஓடின. 1906இல் இந்திய நேரம் வந்தபோது மெட்ராஸ் கடிகாரங்களை எல்லாம் சுமார் ஒன்பது நிமிடம் முன்னால் தள்ளி வைத்தார்கள். இதை வைத்திருந்தவரும் ஒருநாள் அந்தக் குமிழை நகத்தால் அழுத்தி, ஒன்பது நிமிடத்தைத் திருகித் தள்ளியிருப்பார்.

ஜூலை 16, செவ்வாய்

ஏலப் பட்டியல் தயார். முப்பத்தோராம் எண்ணுக்கு எதிரே ‘18 காரட், நிகரம் 46.200’ என்று மட்டும் இருந்தது. ‘ஓடும் நிலையில் உள்ள பழைய பாக்கெட் கடிகாரம்’ என்று சேர்க்கச் சொன்னேன். முதலாளி, “ஏலம் எடுக்க வருகிறவன் மணி பார்க்கவா வருகிறான்?” என்றார். அவர் டீ குடிக்கப் போன நேரத்தில் நானே பேனாவால் எழுதிவிட்டேன்.

ஜூலை 19, வெள்ளி

ஆடி பிறந்துவிட்டது, பட்டறையில் ஈ ஓட்டுகிறேன். அக்கா மகன் கைப்பேசியில் ஒரு செய்தியைக் காட்டினான். டைட்டானிக் கப்பலோடு போன ஜான் ஜேக்கப் ஆஸ்டர் என்ற கோடீஸ்வரரின் தங்கக் கடிகாரம், ஏப்ரலில் இங்கிலாந்து ஏலத்தில் 11 லட்சத்து 75 ஆயிரம் பவுண்டுக்குப் போயிருக்கிறது. “மாமா, உங்களுடையது எவ்வளவு போகும்?”

முதலில் நான் பார்த்தது காரட்டைத்தான். அது 14 காரட். நம்முடையது 18! கடலில் மூழ்கியதற்கு ஒரு விலை, அடகில் மூழ்கியதற்கு வேறு விலை. அங்கே யாருடைய சட்டைப்பையில் இருந்தது என்பதற்குக் காசு கொடுக்கிறார்கள். இங்கே பையில் வைத்திருந்தவரின் பெயர் அடகுச் சீட்டின் மறுபாதியில் இருக்கிறது, அதை ஏலத்தில் படிப்பதில்லை. அங்கே அனுப்பி விற்கலாமே என்றான் பையன். நூறு வருடம் தாண்டிய பழம்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய 1972ஆம் வருடத்துச் சட்டம் விடாது என்றேன். அத்தோடு அவனுக்கு ஆர்வம் போய்விட்டது.

ஜூலை 21, ஞாயிறு

பாய் மூலமாகச் சென்னையிலிருந்து ஒரு சேகரிப்பாளர் பேசினார். வெளியே இருக்கும் தங்கக் கூடும் உள்ளே இருக்கும் மெஷினும் ஒரே எண் தானா, டயலில் கீறல் உண்டா என்று கால்மணி நேரம் கேட்டார். 2,60,000 வரை போவாராம், வெள்ளிக்கிழமை நேரில் வருவாராம். உருக்கினால் கிடைப்பது சுமார் இரண்டரை லட்சம். பத்தாயிரம் ரூபாய் வித்தியாசத்தில் கடிகாரம் பிழைத்துக்கொள்ளும். மனம் லேசாக இருந்தது.

ஜூலை 23, செவ்வாய்

பட்ஜெட். தங்கத்தின் இறக்குமதி வரியை 15 சதவீதத்திலிருந்து 6 ஆக்கிவிட்டார்கள். ஒரே நாளில் சவரனுக்கு இரண்டாயிரத்துக்கு மேல் இறங்கியது. ஆடியில் காற்று வாங்கிக்கொண்டிருந்த நகைக்கடைகளில் மாலையே கூட்டம்.

உருக்கு விலை இறங்கினால் கடிகாரத்துக்கு நல்லதுதானே என்று கணக்குப் போட்டேன்.

ஜூலை 26, வெள்ளி

என் கணக்கு தப்பு. சென்னைக்காரர் காலையிலேயே பேசினார். தங்கம் இறங்கிவிட்டதே, இன்னும் இறங்கட்டும், அப்புறம் பார்ப்போம் என்றார். கடிகாரம் என்றுதான் அத்தனை கேள்வி கேட்டார், கடைசியில் அவரும் தங்கத்தைத்தான் பார்த்திருக்கிறார்.

ஏலத்தில் பதினொரு பேர். எல்லோரும் தெரிந்த முகங்கள். உள்ளே ஒருவர் கேட்டால் மற்றவர் ஏற்றமாட்டார், வெளியே போய்ப் பங்கு பிரித்துக்கொள்வார்கள். முப்பத்தொன்று வந்தது. ‘ஓடும் நிலையில் உள்ள’ என்று ஏலம் விடுபவர் படித்ததும் சிரிப்பு எழுந்தது. ஒருவர் வாங்கிக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, “ஓடவில்லையே” என்றார். சாவி கொடுக்கவில்லை ஐயா என்றேன். இன்னும் சிரித்தார்கள்.

ஆரம்ப விலை 2,30,000. முடிந்தது 2,34,500. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கடனும் வட்டியும் போக மீதி, அடகு வைத்தவருக்குச் சேரும். கடிதம் போடச் சொல்லி முதலாளியிடம் இரண்டு முறை நினைவூட்டினேன்.

எடுத்தவர் அங்கேயே பிரித்துத் தரச் சொன்னார். கொறடை எடுக்கவில்லை. பாயை அழைத்தேன். அவர் இரண்டு சிறு திருகுகளைக் கழற்றி, மெஷினை முன்பக்கமாகப் பூப்போல எடுத்தார். டயலில் ஒரு கீறல் விழவில்லை. “மெஷினுக்கு என்ன வேண்டும்?” என்று பாய் கேட்டார். எடுத்தவர் கையை அசைத்தார், எடுத்துக்கொண்டு போங்கள் என்று. பித்தளை மூடியையும் பாயிடமே தள்ளினார். கூடு என் கண்முன்னே நசுங்கியது. பெண் தலை முத்திரை கடைசி வரை தெரிந்தது.

ஜூலை 28, ஞாயிறு

பாயின் மேசையில், கவிழ்த்த கண்ணாடி டம்ளருக்குள் மெஷின் ஓடுகிறது. கழுவி, எண்ணெய் விட்டிருக்கிறார். நாளுக்கு நாலு நிமிடம் பின்தங்குகிறதாம், சரிசெய்துவிடுவாராம். பழைய ரயில்வே கடிகாரத்தின் நிக்கல் கூடு ஒன்றில் வைத்துப் பார்த்தார், ஒரு மயிரிழை அகலம் போதவில்லை. ராவினால் உள்ளே போய்விடும் என்றேன். கூட்டை ராவலாம், ஆனால் மூடி உட்காராது என்றார்.

கிளம்பும்போது கூப்பிட்டார். “ஆசாரியாரே, அடுத்த ஏலத்தில் வெள்ளிக் கூடு ஏதாவது வந்தால், உரைகல்லை எடுப்பதற்கு முன்னால் எனக்கு ஒரு போன்.”