வழுக்கும் வரை கிளறு

பெங்களூருக்கு வடக்கே ஒரு மீன் குஞ்சுப் பொரிப்பகத்தில் வேலை பார்க்கிறேன். சேர்ந்த முதல் ஜனவரியில் ஒரு சாடிச் சினையை முழுதாகக் கெடுத்துவிட்டேன். இன்றும் அது மனதை உறுத்துகிறது.

சாதாக் கெண்டையின் முட்டை தண்ணீர் பட்டதுமே பசை பிடிக்கும். குளத்தில் அதுதான் அதற்குக் காவல். பாசிக்கொடியில் ஒட்டிக்கொண்டால் சேற்றில் புதையாது. அதையே நாம் பிதுக்கி எடுத்துச் சாடியில் பொரிக்க வைத்தால் கட்டி கட்டியாகிவிடும். நடுவில் மாட்டிய முட்டைக்குத் தண்ணீரோட்டம் கிடைக்காது. அதனால் 10 லிட்டர் தண்ணீரில் 40 கிராம் உப்பும் 30 கிராம் யூரியாவும் கரைத்து, அதில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இறகால் கிளற வேண்டும். முடிவில், மிச்சப் பசை போக, டேனிக் அமிலக் (tannic acid) கரைசலில் சில விநாடி அலசல். ஹங்கேரி மீன் வளர்ப்பு ஆய்வாளர் எலெக் வோய்னாரோவிச் வகுத்த முறை இது.

அன்று இரவு நல்ல குளிர். கை விறைத்துப்போய், அரை மணியிலேயே நிறுத்தினேன். கூட இருந்த தர்மபுரிக்கார அண்ணன் ஒரு முட்டையை விரலில் உருட்டிப் பார்த்து, “இன்னும் வழுக்கல தம்பி” என்றார். போதும் என்று சாடியில் கொட்டினேன். மூன்றாம் நாள் செத்த முட்டைகளில் பஞ்சு போலப் பூஞ்சை. பக்கத்திலேயே கண் புள்ளி தெரிய ஆரம்பித்த உயிருள்ள முட்டைகள். அவற்றையும் அந்தப் பஞ்சு மூடிக்கொண்டது.

அப்புறம்தான், கேவியர் என்ற விலையுயர்ந்த சினையைத் தரும் ஸ்டர்ஜன் மீனின் பொரிப்பகங்களைப் பற்றித் தேடிப் படித்தேன். அதன் முட்டையும் ஒட்டும். அங்கே ஆற்று வண்டலைத் தண்ணீரில் கலக்கி, அதில் முட்டையைப் போட்டுக் கிளறுவது பழைய வழக்கம். நுண்ணிய மண் மேலே படிந்து பசையை மூடிவிடும். விந்து சேர்ப்பதிலும் பதம் உண்டு. கெண்டை முட்டையில் விந்தணு நுழைய ஒரே துளை. ஸ்டர்ஜன் முட்டையில் பல. ஒன்றுக்கு மேல் நுழைந்தால் கரு கெடும். ஆகவே விந்தைத் தண்ணீரில் சுமார் 200 மடங்கு நீர்க்கச் செய்து ஊற்றி, சில நிமிடத்தில் வடித்துவிடுகிறார்கள்.

பெலுகா என்ற ஸ்டர்ஜன் வகையில் பெண் மீன் சினைக்கு வரவே 15 ஆண்டுக்கு மேல் ஆகலாம். அப்புறமும் வருடா வருடம் முட்டையிடாது. அத்தனை காலம் காத்துக் கிடைத்த சினையை ஒருவர் முக்கால் மணி நேரம் நின்று கிளறுகிறார் என்று வாசித்தபோது, நான் நிறுத்திய அரை மணிதான் நினைவுக்கு வந்தது.

என்னைக் கேட்டால், நள்ளிரவில் ஒரே ஆளிடம் விடுகிற வேலை இல்லை இது. கை சோரும், மனமும் சோரும். சொல்லிச் சொல்லி இப்போது எங்கள் பொரிப்பகத்தில் கிளற இரண்டு பேர். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கை மாறும். கடிகாரத்தைப் பார்த்து யாரும் நிறுத்துவதில்லை. அண்ணன் பார்த்த மாதிரியே, ஒரு முட்டையை எடுத்து விரலில் உருட்டிப் பார்க்கிறோம்.