சரிவில் இறக்கிப் பார்க்காத டிராக்டர்

கடந்த தீபாவளிக்கு, மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டுக்கு வந்திருந்த தம்பி, முறுக்கைக் கடித்துக்கொண்டே சொன்ன ஒரு வாக்கியம் என்னை இன்னும் விடவில்லை. தோட்டப் பட்டறையில் என்னிடம் வேலை பழகியவன். இப்போது சுபாங்கில் விமானப் பராமரிப்பில் இருக்கிறான். "வகுப்புல சார்லட் விபத்தைப் பத்திச் சொன்னப்போ நம்ம பழைய டிராக்டர் ஞாபகம் வந்துச்சு அண்ணே" என்றான். அவன் சிரித்தான், நானும் சிரித்தேன்.

2003 ஜனவரி 8 அன்று அமெரிக்காவின் சார்லட் நகரிலிருந்து கிளம்பிய பீச்கிராஃப்ட் 1900டி என்ற சிறு விமானம், எழுந்த சற்று நேரத்திலேயே மூக்கை மேலே தூக்கிக்கொண்டே போய்த் தரையில் விழுந்ததில், அதிலிருந்த 21 பேரும் இறந்தனர். மூக்கை ஏற்றி இறக்க வாலில் இருக்கும் எலிவேட்டர் என்ற அசையும் பலகையை இயக்கும் கேபிளின் இறுக்கத்தை அதற்கு முந்தைய பராமரிப்பில் சரிசெய்தபோது டர்ன்பக்கிள் என்ற இறுக்கும் திருகு தவறாகத் திருகப்பட்டிருந்ததால், மூக்கைத் தாழ்த்தும் அசைவில் ஏறக்குறையப் பாதிதான் விமானிக்குக் கிடைத்தது. போதாததற்குப் பாரமும் பின்பக்கம் மிகுந்திருந்தது. அந்த வகை விமானத்தில் அவ்வேலையை முதன்முறையாகச் செய்த மெக்கானிக்குக் கற்றுக்கொடுத்தவரே, வேலையைச் சரிபார்க்க வேண்டிய ஆய்வாளராகவும் இருந்தார். கையேட்டிலிருந்த சில படிகள் தேவையில்லை என்று அவர் ஒப்பியதால் அவை விடப்பட்டன. விடப்பட்டவற்றில் ஒன்று அந்தக் குறையைக் காட்டியிருக்கும். ஆயினும் அதற்குப் பிறகு அந்த விமானம் ஒன்பது முறை ஒழுங்காகப் பறந்திருக்கிறது. அந்த ஒன்பதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது.

எங்கள் பட்டறையில் அன்று நடந்ததும் திருகும் வேலைதான். டிராக்டரின் இடது, வலது பிரேக் ராடுகளின் நீளத்தைச் சரிசெய்தபின், பாரம் ஏற்றிய டிரெய்லரோடு சரிவில் ஒருமுறை இறக்கி, இரு சக்கரங்களும் ஒருசேரப் பிடிக்கின்றனவா என்று பார்ப்பது எங்கள் வழக்கம். "சரிவுல இறக்கிப் பார்க்கணுமா அண்ணே?" என்று தம்பி கேட்டான். "வேணாம், விடு. நான் பார்த்துட்டேன்" என்றேன். நான் பார்த்தது பெடலின் உயரத்தை மட்டும்தான். பிறகு புத்தகத்தில் கையெழுத்திட்டேன்.

அன்று அவசரம். வெட்டிய செம்பனைக் குலை கிடக்கக் கிடக்க எண்ணெயில் அமிலம் ஏறும். தோட்டத்துக் கணக்கரான கிராணி, டிராக்டரைக் கேட்டு இருமுறை ஆள் அனுப்பிவிட்டார். அந்த டிராக்டரும் அதற்குப் பிறகு பல ஆண்டுகள் ஒரு குறையுமின்றி ஓடியது. டிராக்டரையும் விமானத்தையும் ஒரே தராசில் வைப்பது நியாயமில்லை என்றும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அவன் கேட்டானே! கேட்கத் தெரிந்த பையனுக்கு, கேட்க வேண்டியதில்லை என்று கற்றுக்கொடுத்தவன் நான்தானோ? அல்லது அன்று நான் செய்ததைப் பார்த்துத்தான் இன்று அவன் எந்தப் படியையும் விடாமல் இருக்கிறானோ? அந்தச் சிரிப்பில் இரண்டில் எது இருந்தது என்று நான் கேட்கவில்லை.

இதை எழுதுகையில், அந்நாளில் உதிரிப்பழம் பொறுக்கும் வேலையில் இருந்த என் மனைவியிடம் அன்றைய அவசரத்தைப் பற்றிச் சொன்னேன். அன்று மதியம் மழை கொட்டியதால் வேலை நின்றுவிட்டது என்றும், டிராக்டர் பொழுது சாயும்வரை பட்டறை வாசலிலேயே நின்றது என்றும் அவள் சொன்னாள். மறுநாள் காலை அந்த டிரெய்லரில்தான் அவள் ஏறிப் போயிருக்கிறாள்.