தளம் மாற்றினேன், 1,140 பழைய முகவரிகளுக்கும் வழி போட்டேன்

ஒரு வாசகர் எழுதிய கடிதத்தில்தான் எனக்கு விஷயமே தெரிந்தது. அவர் ஓர் ஆசிரியர். "சந்திர கிரகணம் பற்றிய உங்கள் கட்டுரையின் முகவரியை ஏழு வருடமாக மாணவர்களுக்குக் கொடுத்து வருகிறேன். இன்று அழுத்தினால் உங்கள் முகப்புப் பக்கம் வருகிறது. கட்டுரையை எடுத்துவிட்டீர்களா?" என்று கேட்டிருந்தார். நான் எதையும் எடுக்கவில்லை. கட்டுரை புதிய தளத்தில் ஒரு வரி குறையாமல் இருந்தது. அங்கே போவதற்கான வழிதான் அடைபட்டிருந்தது.

வானியல் பற்றித் தமிழில் எழுதும் தளம் என்னுடையது. 1,140 கட்டுரைகள். பழைய டொமைன் பெயர் நீளமானது, யாரிடமும் வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாதது. அதனால் புதிய டொமைன், புதிய மென்பொருள் என்று இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினேன். பழைய தளத்தில் ஒரு கட்டுரையின் முகவரி ஆண்டு, மாதம், அப்புறம் தமிழிலேயே தலைப்பு என்று இருக்கும். புதியதில் வெறும் எண். அப்போது அது எனக்கு அழகாகத் தெரிந்தது. அந்த ஒரு முடிவால் எவ்வளவு வேலை வரும் என்று யோசிக்கவில்லை. முகவரியின் வடிவம் மாறாமல் டொமைன் மட்டும் மாறியிருந்தால் சர்வரில் ஒரே ஒரு விதி போதும். தலைப்பு எண்ணாக மாறிவிட்டால் எந்த விதியாலும் ஊகிக்க முடியாது. எது எங்கே போக வேண்டும் என்று யாராவது உட்கார்ந்து எழுதித்தான் ஆக வேண்டும்.

தளத்தை அமைத்துக் கொடுத்தவர் அதை எழுதவில்லை. பழைய டொமைனில் எந்த முகவரிக்கு யார் வந்தாலும் புதிய முகப்புப் பக்கத்துக்கு அனுப்பும் விதி ஒன்றைப் போட்டுவிட்டு, "ரீடைரக்ட் ஆயிற்று" என்றார். நானும் முகப்பை மட்டும் திறந்து பார்த்துவிட்டுச் சரி என்று விட்டுவிட்டேன். ஐந்தாவது வாரம் கடிதம் வந்தது. தேடலில் தளம் எப்படி வருகிறது என்று கூகுள் காட்டும் சர்ச் கன்சோலைத் திறந்தால் தேடலிலிருந்து வருபவர்கள் பாதிக்கும் கீழே போயிருந்தார்கள். 'சாஃப்ட் 404' என்ற தலைப்பின் கீழ் நூற்றுக்கணக்கான பழைய முகவரிகள் நின்றன. 404 என்றால் பக்கம் இல்லை என்று சர்வர் சொல்லும் எண், சாஃப்ட் என்றால் சர்வர் அப்படிச் சொல்லாவிட்டாலும் கூகுள் அப்படி எடுத்துக்கொண்டது. கிரகணம் பற்றிய பக்கத்தைக் கேட்டு வரும் தேடுபொறிக்கு, சம்பந்தமில்லாத முகப்பைக் காட்டினால், அந்தப் பக்கம் இல்லாமல் போய்விட்டது என்றே கூகுள் எடுத்துக்கொள்கிறது. பல வருடங்களாக மற்றவர்கள் அந்தக் கட்டுரைக்குக் கொடுத்திருந்த இணைப்புகளின் மதிப்பும் அதோடு வீணாகிறது.

அந்த விதி தந்த பதில் எண்ணும் 302 ஆக இருந்தது. 301 என்றால் நிரந்தரமாக இடம் மாறிவிட்டது என்று பொருள், 302 என்றால் தற்காலிகமாக. வாசகருக்கு இரண்டும் ஒன்றுதான். தேடுபொறிக்கு அப்படியில்லை. தற்காலிகம் என்று சொன்னால் பழைய முகவரியையே பிடித்துவைத்துக்கொண்டு காத்திருக்க அதற்கு நியாயம் இருக்கிறது. 301 போட்டால் மதிப்பு கொஞ்சம் கசியும் என்ற பேச்சு வெகுநாளாக உண்டு. கூகுளின் கேரி இலீஸ் 2016-இலேயே 30-இல் தொடங்கும் ரீடைரக்ட்களில் பேஜ்ராங்க், அதாவது இணைப்புகளால் பக்கத்துக்குக் கிடைக்கும் மதிப்பு, குறைவதில்லை என்று தெளிவாகச் சொல்லிவிட்டார். எனவே அந்தப் பயம் வேண்டாம்.

இன்னொரு தவறு நான் செய்தது. ஒரே கட்டுரை இரண்டு டொமைனிலும் தேடலில் வந்துவிடக் கூடாது என்று, தேடுபொறிகள் எதைப் படிக்கலாம் என்று சொல்லும் ரோபாட்ஸ் கோப்பில் பழைய டொமைனின் பல பகுதிகளுக்குத் தடை போட்டிருந்தேன். தடை இருந்தால், பக்கங்களைப் படிக்க வரும் கூகுளின் நிரலான கூகுள் பாட் அந்த முகவரியைக் கேட்கவே கேட்காது. கேட்காவிட்டால் அங்கே ரீடைரக்ட் இருப்பது அதற்குத் தெரியவராது. தளம் மாற்றுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. பழைய வாசலைத் திறந்து வைத்தால்தான் அங்கே ஒட்டியிருக்கும் புதிய முகவரியை வருகிறவர்கள் படிக்க முடியும். தடையை அன்றே எடுத்தேன்.

அப்புறம் பட்டியல் வேலை. முதலில் பழைய முகவரிகள் எல்லாவற்றையும் ஒரு எக்செல் தாளில் சேர்க்க வேண்டும். பழைய தரவுத்தளத்திலிருந்து கட்டுரைத் தலைப்புகளை எடுத்து முகவரிகளை உருவாக்கினேன். அது போதாது. படங்கள், குறிச்சொல் பக்கங்கள், எப்போதோ நீக்கிய பக்கங்கள் எல்லாம் அதில் வராது. வருகைகளைப் பதிவு செய்யும் சர்வரின் லாக் கோப்புகளிலிருந்து வெளியே உண்மையில் யார் எதைக் கேட்கிறார்கள் என்பதை எடுத்தேன். சர்ச் கன்சோல் 16 மாதத் தரவை வைத்திருக்கும். கிளிக் கிடைத்த பக்கங்கள், பிற தளங்களிலிருந்து இணைப்பு பெற்ற பக்கங்கள் இரண்டையும் அங்கிருந்து இறக்கினேன். அதற்கும் முந்தியவற்றை பழைய இணையப் பக்கங்களைச் சேமித்துவைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் தேடிப் பிடித்தேன். நான்கையும் சேர்த்து, ஒன்றே இருமுறை வந்ததை நீக்கினால், கட்டுரைகள் 1,140. அவை போக இதர முகவரிகள் அறுநூறுக்கு மேல்.

கட்டுரைகளில் பெரும்பாலானவற்றுக்குத் தலைப்பை வைத்தே புதிய எண்ணைப் பொருத்த முடிந்தது. மீதியை ஒவ்வொன்றாகத் திறந்து படித்தேன். ஒரே விஷயத்தைப் பற்றிய மூன்று பழைய குறிப்புகளைப் புதிய தளத்தில் ஒரே கட்டுரையாக்கியிருந்தால், மூன்றையும் அதற்கே அனுப்பினேன். முடிந்துபோன நிகழ்ச்சி அறிவிப்புகளுக்குப் புதிய தளத்தில் இணையே இல்லை. அவற்றை வேறு எங்காவது தள்ளிவிடாமல் 410 கொடுத்தேன். போய்விட்டது, இனி வராது என்று நேராகச் சொல்வது முகப்புக்கு அனுப்புவதைவிட நேர்மையானது. வாசகரும் ஏன் இங்கே வந்தோம் என்று குழம்ப மாட்டார்.

நான்கு நாளில் பட்டியல் முடிந்தது. 301 விதிகளைச் சர்வரில் ஏற்றினேன். மறுநாள் லாக்கைப் பார்த்தால் முந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ் முகவரிகள் இன்னும் 404. தமிழில் முகவரி வைத்திருக்கும் எல்லாரும் இந்தப் பகுதியைக் கவனித்துப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன், ஏனென்றால் இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

'கோள்களின் சுற்றுப்பாதைகள்' என்று ஒரு கட்டுரை. முகவரிப் பட்டையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே அது விழுக்காட்டுக் குறியும் (%) எண்ணெழுத்துகளுமாகத்தான் போகிறது. யூனிகோடின் UTF-8 வடிவில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட். ஒரு பைட்டை முகவரியில் எழுத 3 இடம், % ஒன்று, எண்ணெழுத்து இரண்டு. ஆக 'க' என்ற ஒரே எழுத்துக்கு 9 இடம். புள்ளிக்கு 9, கொம்புக்கு 9. பழைய மென்பொருள் தலைப்புக்கு ஒதுக்கியிருந்தது மொத்தம் 200 இடம். அதாவது 22 குறிகள். அதற்கு மேல் இருந்தால் சத்தமில்லாமல் வெட்டிவிடும். நான் தலைப்பிலிருந்து உருவாக்கிய முகவரியில் 'சுற்றுப்பாதைகள்' என்று முழுதாக இருந்தது. உண்மையான முகவரியோ 'கோள்களின்-சுற்றுப்பாதை' என்பதோடு நின்றிருந்தது. நீளமான தலைப்புகள் எல்லாமே இப்படித்தான் பாதியில் அறுந்திருந்தன.

சரி, காரணம் தெரிந்துவிட்டது என்று லாக்கில் கண்டபடியே அந்த முகவரியைத் தட்டச்சு செய்து விதியைத் திருத்தினேன். மறுபடியும் 404. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். ஓர் எழுத்துகூட மாறவில்லை. கண்ணுக்கு அச்சு அசல் ஒன்றேதான். வேறு வழி தோன்றாமல் எக்செல்லில் இரண்டின் நீளத்தையும் எண்ணச் சொன்னேன். நான் தட்டச்சு செய்ததற்கு 22 என்றது. லாக்கிலிருந்து எடுத்ததற்கு 23.

அந்தக் கூடுதல் ஒன்று 'கோ'வில் இருந்தது. யூனிகோடில் ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், இரட்டைக் கொம்பு தனியாகவும் கால் தனியாகவும் இரண்டு குறிகளாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது. என் ஆரம்பக் காலக் கட்டுரைகள் பழைய எழுத்துருவில் எழுதி, பின்னர் யூனிகோடுக்கு மாற்றியவை. மாற்றித் தந்த கருவி இரண்டு துண்டாக விட்டிருக்கிறது. இப்போது நான் பயன்படுத்தும் விசைப்பலகை ஒரே குறியாகத் தருகிறது. சர்வர் பைட்டைப் பார்க்கிறது, எழுத்தின் உருவத்தைப் பார்ப்பதில்லை. அதற்கு இரண்டும் வெவ்வேறு முகவரி. ஒகரம், ஓகாரம், ஔகாரம் மூன்றுக்கும் இதே சிக்கல் உண்டு. ஆக, கொ, கோ, கௌ, தொ, தோ என்று வரும் ஒவ்வொரு முகவரிக்கும் இரண்டு வரி போட்டேன், ஒன்று சேர்ந்த குறிக்கு, ஒன்று பிரிந்த குறிக்கு. இனித் தமிழ் முகவரி எதையும் கையால் தட்டச்சு செய்வதில்லை என்றும் முடிவு செய்தேன். லாக்கிலிருந்து அப்படியே நகலெடுப்பதுதான் பாதுகாப்பு.

கூடவே ஒன்று. என் சர்வர் மென்பொருள் அப்பாச்சி. அது முகவரியை டீகோட் செய்த பிறகே, அதாவது தமிழ் எழுத்தாக மாற்றிய பிறகே, விதியோடு ஒப்பிடுகிறது. விழுக்காட்டுக் குறிகளோடு ஒட்டிய விதிகள் அதனால் வேலை செய்யவில்லை, நகலெடுத்ததைத் தமிழ் எழுத்தாக மாற்றித்தான் போட வேண்டியிருந்தது.

சோதிக்கும்போது பிரவுசரை நம்ப வேண்டாம். ஒருமுறை 301 பார்த்த பிரவுசர் அதை நினைவில் வைத்துக்கொள்ளும். விதியைத் திருத்திய பிறகும் பழைய இடத்துக்கே போகும். ஒரு மாலை முழுக்கச் சரியாக இருந்த விதியைத் தவறென்று நினைத்து மாற்றிக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து பிரவுசர் இல்லாமலே சர்வரைக் கேட்கும் கர்ல் கட்டளையில் பதிலின் தலைப்பகுதியை மட்டும் கேட்டுப் பார்க்கிறேன், என்ன எண் வருகிறது, எங்கே போகச் சொல்கிறது என்று இரண்டே வரியில் தெரிந்துவிடும். முழுப் பட்டியலையும் சோதிக்க ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதிக்கொண்டேன். ஸ்க்ரீமிங் ஃப்ராக் மாதிரியான கருவிகளும் இதைச் செய்யும். அதன் இலவசப் பதிப்பு 500 முகவரிகளோடு நின்றுவிடும்.

அந்தச் சோதனையில்தான் சங்கிலிகள், ஒரு ரீடைரக்ட் இன்னொரு ரீடைரக்டுக்கு அனுப்புவது, வெளியே வந்தன. என் தளத்துக்கு இது முதல் மாற்றம் அல்ல. 2014-இல் எச்டிடிபிஎஸ் என்ற பாதுகாப்பான இணைப்பு முறை தரவரிசையில் சிறு அளவு கணக்கில் வரும் என்று கூகுள் அறிவித்த பிறகு அதற்கு மாறினேன், அது ஒரு தாவல். முன்னால் இருந்த மூன்று டபிள்யூவை எடுத்தது இரண்டாவது. இப்போது புதிய டொமைன், அப்புறம் முகவரியின் கடைசிச் சாய்கோடு (/). மிகப் பழைய முகவரி ஒன்று நான்கு இடம் தாவி ஐந்தாவதில் போய் நின்றது. கூகுள் பாட் 10 தாவல் வரை பின்தொடரும் என்பது உண்மைதான். ஆனால் ஒவ்வொரு தாவலும் வாசகருக்குத் தாமதம், எனக்கு உடைவதற்கு இன்னோர் இடம். எந்தப் பழைய வடிவத்தில் வந்தாலும் ஒரே தாவலில் கடைசி இடத்துக்குப் போகும்படி எல்லா விதிகளையும் திருத்தி எழுதினேன்.

மற்றவை சுருக்கமாக முடிந்தன. கட்டுரைகளுக்குள் ஒன்றுக்கொன்று கொடுத்திருந்த இணைப்புகளைப் புதிய எண்களுக்கு மாற்றினேன். ஒரு பக்கத்தின் மூல முகவரி எது என்று தேடுபொறிக்குச் சொல்லும் கனானிக்கல் குறிச்சொல் பல பக்கங்களில் இன்னும் பழைய டொமைனையே காட்டிக்கொண்டிருந்தது, அதைச் சரிசெய்தேன். தளத்தின் முகவரிப் பட்டியலான சைட்மேப்பைப் புதிதாகக் கொடுத்தேன். பழைய சைட்மேப்பையும் சில வாரம் எடுக்காமல் விட்டேன், பாட் வந்து பழைய முகவரிகளைப் பார்த்துப் புதிய இடத்தைத் தெரிந்துகொள்ளட்டும் என்று. கடைசியில் சர்ச் கன்சோலில் முகவரி மாற்றக் கருவியை அழுத்தினேன். இரண்டு டொமைன்களும் ஒரே கணக்கில் உரிமை நிரூபிக்கப்பட்டிருக்க வேண்டும். அந்த அறிவிப்பு 180 நாள் நடப்பில் இருக்கும். ரீடைரக்ட்களைக் குறைந்தது ஓர் ஆண்டு வைத்திருக்கச் சொல்கிறது கூகுள். எனக்கு அது போதாது. தேடுபொறி ஓராண்டில் மறந்துவிடலாம், ஒரு புத்தகத்தின் ஓரத்தில் முகவரியை எழுதிவைத்தவர் மறக்க மாட்டார். பழைய டொமைனைக் கிடைத்த அளவு நீண்ட காலத்துக்குப் புதுப்பித்துவிட்டேன்.

எண்கள் உடனே ஏறவில்லை. முதல் மூன்று வாரம் எதுவும் நடக்காததுபோல் இருந்தது. நானும் தினம் இரண்டு தடவை கன்சோலைத் திறந்து பார்த்தேன். பிறகு சாஃப்ட் 404 பட்டியல் மெல்லக் கரையத் தொடங்கியது. பழைய நிலைக்கு அருகில் வர ஏறக்குறைய நான்கு மாதம் ஆயிற்று. சில பக்கங்கள் இன்னும் முன்பிருந்த இடத்துக்கு வரவில்லை. அந்த ஐந்து வார இழப்பில் அவை போயிருக்கலாம்.

அந்த ஆசிரியருக்குப் பதில் எழுதி, பழைய முகவரியே இனி வேலை செய்யும், எதையும் மாற்ற வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். போன வாரம் காலையில் வழக்கம்போல் லாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கிரகணக் கட்டுரையின் பழைய முகவரிக்கு இரண்டு நிமிடத்துக்குள் முப்பத்தைந்து பேர் வந்திருந்தார்கள். ஒவ்வொரு வரியிலும் 301, அடுத்த வரியில் பக்கம் கிடைத்தது என்று சொல்லும் 200. அவருடைய வகுப்பாகத்தான் இருக்கும்.