எட்டே முக்காலுக்குப் பூட்டும் கேட்

ஜனவரி 11

முன்னூறு நோட்டீஸ் கொடுத்தனுப்பினோம். கூட்டத்துக்கு வந்தவர்கள் பதினான்கு பேர். அதிலும் நாலு பேர், பிள்ளை மேல் ஏதோ புகார் என்று பயந்து வந்தவர்கள்.

‘பின்தங்கிய பள்ளிகள்’ பட்டியலில் எங்கள் பெயர் வந்து மூன்று வாரமாகிறது. ஓராண்டுக்குள் மக்களோடு சேர்ந்து பள்ளியை மாற்றியமைக்கும் திட்டம் தர வேண்டும், இல்லாவிட்டால் பக்கத்துப் பள்ளியோடு இணைத்துவிடுவோம் என்கிறது மேலிடத்துக் கடிதம். தப்பென்று சொல்ல முடியாது. ஐந்தாம் வகுப்பில் பாதிப் பேர் இரண்டாம் வகுப்புப் பாடத்தையே எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறார்கள்.

தலைமை ஆசிரியை என்பதால் விடுமுறை முழுக்க நானே உட்கார்ந்து திட்டம் தயார் செய்திருந்தேன். புரொஜெக்டரில் நாற்பது நிமிடம் பேசினேன். முடித்ததும் பின்வரிசையில் ஒரு தாத்தா எழுந்தார். “நல்லாத்தான் இருக்கு டீச்சர். எல்லாத்தையும் நீங்களே முடிவு பண்ணிட்டீங்க. எங்களை எதுக்கும்மா கூப்பிட்டீங்க?”

கருத்துக் கேட்கத்தான் என்றேன். அவர் தலையாட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

ஜனவரி 13

தாத்தாவின் கேள்வி விடவில்லை. 1969இல் ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் என்ற அமெரிக்கப் பெண்மணி, மக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வரைந்து காட்டினார். அடிப்படியில் மக்களை உட்கார வைத்து ஏமாற்றுவது, உச்சியில் அதிகாரம் அவர்கள் கையிலேயே இருப்பது. தகவல் சொல்வது மூன்றாம் படி, கருத்துக் கேட்பது நான்காம் படி. இரண்டையும் அவர் ‘பெயரளவுப் பங்கேற்பு’ என்றுதான் சேர்க்கிறார். நான் நான்கில் நிற்பதாக நினைத்துக்கொண்டு மூன்றில் நின்றிருக்கிறேன்.

அடுத்த கூட்டம் இப்போதைக்கு இல்லை. நாமே வீடுகளுக்குப் போவோம்.

ஜனவரி 24

ஆறு ஆசிரியர்கள், ஆயா, நான். இரண்டிரண்டு பேராகப் பிரிந்து மாலை வேளைகளில் போகிறோம். முதல் நாள், “பள்ளியில் என்ன மாற்றம் வேண்டும்?” என்று கேட்டதற்கு எல்லா வீட்டிலும் ஒரே பதில்: இங்கிலீஷ், கம்ப்யூட்டர். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, கேள்வி அப்படி. மறுநாள் மாற்றிக்கொண்டோம். “உங்கள் பிள்ளை பள்ளிக்குப் போக மாட்டேன் என்று சொன்ன ஒரு நாளைப் பற்றிச் சொல்லுங்கள்.” அப்புறம் நாங்கள் வாயே திறக்க வேண்டியிருக்கவில்லை.

இன்று பார்த்த அம்மா வீட்டிலேயே தைக்கிறார். நாங்கள் உட்கார்ந்த பிறகும் மெஷினை நிறுத்தவில்லை. பேச்சு ஒரு தையலுக்கும் அடுத்த தையலுக்கும் நடுவில்தான் வந்தது. வீட்டுக்காரர் விடிவதற்கு முன்பே வேலைக்குப் போய்விடுவார். இவர் தைத்த துணியை ஏழரைக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அதனால் சின்னவனைப் பாலர் பள்ளியில் விடுவது பெரியவளின் வேலை. பாலர் பள்ளி திறப்பதே எட்டரைக்கு. “அங்க விட்டுட்டு அவ ஓடி வர்றதுக்குள்ள உங்க கேட்டைப் பூட்டிடறீங்க. வெளியில நின்னு பார்ப்பா. அப்புறம் வீட்டுக்கு வந்துடுவா. வந்து எனக்குக் காஜா போட்டுத் தருவா.” சொல்லிவிட்டு நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தார். கோபமே இல்லை. மழை பெய்தால் துணி நனையும் என்கிற மாதிரி சொன்னார்.

அந்தப் பெண் ஏழாம் வகுப்பு. பதிவேட்டில் ‘அடிக்கடி வராதவள், ஆர்வம் இல்லை’ என்று எழுதியிருக்கிறோம்.

பிப்ரவரி 2

வருகைப் பதிவேடுகளை மேசை மேல் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தேன். பள்ளியின் சராசரி வருகை 91 சதவீதம். அறிக்கையில் போட அழகான எண். ஆனால் சராசரியில் தினமும் வருகிறவர்களின் முதுகுக்குப் பின்னால் மற்றவர்கள் ஒளிந்துகொள்கிறார்கள். பள்ளி நாட்களில் பத்தில் ஒரு பங்கைத் தவறவிடுகிற பிள்ளையை ‘நாட்பட்ட வராமை’ என்று கணக்கில் எடுப்பது பல நாடுகளில் வழக்கம். இருநூறு நாள் பள்ளி என்றால் இருபது நாள், அதாவது மாதத்துக்கு இரண்டே நாள். யார் கண்ணையும் உறுத்தாது. பிள்ளை பிள்ளையாக எண்ணினேன். 318 பேரில் 67 பேர்.

வாட்ச்மேன் அண்ணனிடம் ஒரு பழைய நோட்டு இருக்கிறது. திருப்பி அனுப்பிய பிள்ளைகளின் பெயரை யாரும் கேட்காமலே அதில் எழுதி வைத்திருக்கிறார். “நாளைக்கு யாராச்சும் கேட்டா சொல்லணும்ல மேடம்.” 67 பேரில் 41 பேர் அந்த நோட்டில் இருக்கிறார்கள். வராதவர்கள் என்று நாங்கள் எழுதியவர்கள் கேட் வரை வந்திருக்கிறார்கள்.

எட்டே முக்காலுக்குக் கேட்டைப் பூட்டும் விதி மூன்று வருடத்துக்கு முன் வந்தது. யார் போட்டது என்று இன்றைக்கு எழுத மனம் வரவில்லை.

பிப்ரவரி 9

தையல்கார அம்மாவின் பெண்ணோடு ஒரு முழு நாள். அவளிடமும் ஆசிரியர்களிடமும் முன்பே கேட்டுக்கொண்டு கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். ஏழு பீரியட். அதில் ஐந்து, கரும்பலகையைப் பார்த்து எழுதுவது. எனக்கே நாலாவது பீரியடில் கண்ணைச் சுற்றியது. அன்று முழுக்க அவள் வகுப்பில் பேசியது ஒரே ஒரு தடவை: “உள்ளேன் டீச்சர்.”

மதியம் தண்ணீர் குழாய் பக்கம் எல்லோரும் ஓடினார்கள், அவள் போகவில்லை. தாகம் இல்லையா என்றேன். தயங்கி, “தண்ணி குடிச்சா பாத்ரூம் போகணும். தாழ்ப்பாள் இல்ல” என்றாள். ஒருத்தி வெளியில் நின்று கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டுமாம். அவளுக்குக் கதவு பிடிக்கத் தோழி யாரும் இல்லை. வாரத்தில் பாதி நாள்தானே வருகிறாள்.

நான் தயார் செய்த திட்டத்தில் ஸ்மார்ட் போர்டுக்கு ஒரு பக்கம் முழுவதும் ஒதுக்கியிருந்தேன். ஒரு வாரத்தில் தாழ்ப்பாள் வந்துவிடும் என்று அவளிடம் சொன்னேன்.

பிப்ரவரி 17

பள்ளியில் என்ன மாற்றுவது என்று சேர்ந்து முடிவு செய்யக் குழு அமைந்தது. சிகாகோ நகரப் பள்ளிகளுக்காக 1988இல் வந்த சட்டத்தின் கணக்கைக் கடன் வாங்கினேன்: பெற்றோர் ஆறு பேர், வட்டாரத்தினர் இருவர், ஆசிரியர் இருவர், தலைமை ஆசிரியர், ஆக 11. பெற்றோர்தான் பெரும்பான்மை. அங்கே தலைமை ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கிற அதிகாரமே அந்தக் குழுவுக்கு உண்டு. அதை மட்டும் ஆசிரியர்களிடம் சொல்லவில்லை. ஏற்கனவே கொதித்துப் போயிருந்தார்கள்.

“பின்னம் எப்படி நடத்தணும்னு இனி அவங்க சொல்வாங்களா மேடம்?” என்று கேட்டார் கணக்கு ஆசிரியை. பள்ளியில் இருப்பவர்களிலேயே நன்றாகப் பாடம் நடத்துகிறவர். கேள்வி நியாயமானது. எல்லாவற்றையும் எல்லோரும் முடிவு செய்வது என்று ஆரம்பித்தால் கடைசியில் யாரும் எதையும் முடிவு செய்ய மாட்டார்கள். சுவரில் தாள் ஒட்டி மூன்று கட்டம் போட்டோம்: குழுவே முடிவு செய்வது, கலந்து பேசி ஆசிரியர்கள் முடிவு செய்வது, நம் கையிலேயே இல்லாதது. தேர்வும் பாடத்திட்டமும் மூன்றாவதில். பின்னம் இரண்டாவதில். பள்ளி நேரம், கேட், கழிப்பறை, சின்னச் செலவுகளுக்கான பணம் எல்லாம் முதல் கட்டத்தில். அந்தப் பணத்தை எழுதும்போது என் கை கொஞ்சம் தயங்கத்தான் செய்தது.

எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி வாசலில் நின்று படித்துவிட்டு, “எங்களைப் பத்தித்தான பேசுறீங்க, நாங்க எங்க?” என்றாள். பதினொன்று பதின்மூன்றாகியது.

பிப்ரவரி 26

இன்றைய கூட்டத்தை விரிவாகவே எழுதி வைக்கிறேன்.

ஆரம்பித்த பத்தாவது நிமிடத்திலேயே சண்டை. பெற்றோர் கவனிப்பதில்லை என்றார் ஓர் ஆசிரியர். ஆசிரியர்கள் போனையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்றார் ஓர் அப்பா. நான் கையோடு ஒரு விதி கொண்டுபோயிருந்தேன். ஜேம்ஸ் கோமர் என்ற மனநல மருத்துவர் 1968இல் அமெரிக்காவின் நியூஹேவன் நகரில், மிகவும் பின்தங்கியிருந்த இரண்டு பள்ளிகளில் பெற்றோரையும் ஆசிரியர்களையும் ஒரே மேசையில் உட்கார வைத்தபோது கடைப்பிடித்தது அது: யார் குற்றம் என்று தேட வேண்டாம், சிக்கலை எப்படித் தீர்ப்பது என்று மட்டும் பேசலாம். கூட்டம் அடங்கியது. நல்ல விதி என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டேன்.

அப்போது தையல்கார அம்மா கேட்டார். “குத்தம் சொல்லக் கேக்கல டீச்சர். தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன். அந்த கேட் சட்டம் யாரு போட்டது?”

எனக்குத் தப்பிக்க வழி இருந்தது. விதியையே குடையாகப் பிடித்துக்கொண்டு, “அதெல்லாம் வேண்டாம், அடுத்து என்ன செய்யலாம்னு பார்ப்போம்” என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. கதவருகே நின்ற வாட்ச்மேன் அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான்தான்” என்றேன். “நான் இங்கே வந்த முதல் மாதம். ஒழுங்கு வர வேண்டும் என்று போட்டேன். அதற்காகப் பாராட்டுக் கடிதம்கூட வாங்கினேன்.” நோட்டில் இருந்த 41 பேரையும் சொன்னேன்.

ரொம்ப நேரம் யாரும் பேசவில்லை. மின்விசிறிச் சத்தம் மட்டும். அப்புறம் அந்த அம்மா, “சரி, என் பொண்ணு சோம்பேறின்னு நானும்தான் அடிச்சிருக்கேன்” என்றார். கணக்கு ஆசிரியை எழுந்து போய் ஜன்னலைத் திறந்தார். காற்றுக்காகவா, முகத்தைத் திருப்பிக்கொள்ளவா, தெரியவில்லை.

கேட் ஒன்பதேகால் வரை திறந்திருக்கும் என்று முடிவானது. ஒரு மாதச் சோதனை.

மார்ச் 8

சோதனை சொதப்பல். தாமதமாக வருகிறவர்களின் எண்ணிக்கை இரண்டு மடங்காகிவிட்டது. நேரத்துக்கு வந்துகொண்டிருந்தவர்களும் ஆற அமர வருகிறார்கள். முதல் பீரியட் சந்தைக்கடை. “சொன்னேனே” என்று ஆசிரியர் அறையில் யாரும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததுதான் அதிகமாகச் சுட்டது.

மார்ச் 15

விதியைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று மூன்று பேர். குழுவில் இருக்கும் ஒரு பையன் வேறு மாதிரி யோசித்தான்: “முதல் பீரியட்ல நடுவுல வந்தாலும் சேர்ந்துக்கற மாதிரி ஏதாச்சும் வைங்க சார்.” அதைப் பிடித்துக்கொண்டார் தமிழாசிரியர். எட்டே முக்காலிலிருந்து ஒன்பதேகால் வரை எல்லோருக்கும் வாசிப்பு. மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டு வரை வகுப்பு பார்க்காமல், எழுத்து தெரிந்தவர்கள், சொல் படிப்பவர்கள், பத்தி படிப்பவர்கள் என்று திறனைப் பார்த்துப் பிரித்த குழுக்கள். எட்டாம் வகுப்புப் பையன் நாலாம் வகுப்புக் குழந்தைகளோடு உட்கார வெட்கப்படுவானே என்று ஒரு மணி நேரம் வாதாடினோம். பெரியவர்களுக்குத் தனி அறை என்று முடிந்தது. கேட்டில் தினம் ஒரு பெற்றோர் நிற்பார். திட்டுவதற்கில்லை, ‘ஏன் லேட்டு’ என்று கேட்டு எழுதிக்கொள்ள.

மார்ச் 23

ஒரு வாரத்தில் வருவதாக நான் சொன்ன தாழ்ப்பாள் ஆறு வாரமாகியும் வரவில்லை. கோப்பு எங்கேயோ நிற்கிறது. நானும் கேட் பரபரப்பில் அதைத் துரத்தவில்லை. இன்று அந்தப் பெண் என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போனாள்.

சிகாகோவின் அந்தப் பள்ளிகளைப் பல வருடம் பின்தொடர்ந்த ஆய்வாளர்கள் பிரைக், ஷ்னைடர் இருவரும் 2002இல் எழுதியது நினைவுக்கு வந்தது. ஆசிரியர், பெற்றோர், தலைமை ஆசிரியர் இடையே நம்பிக்கை வலுவாக இருந்த பள்ளிகளில் இரண்டில் ஒன்று முன்னேறியது, நம்பிக்கை பலவீனமான பள்ளிகளில் ஏழில் ஒன்றுதான். நம்பிக்கை என்று அவர்கள் சொல்வதில் நான்கு அடக்கம்: மரியாதை, வேலையில் திறமை, அக்கறை, சொன்ன சொல்லைக் காப்பது. நாலாவதில் இன்று எனக்கு முட்டை.

மாலை குழு கூடி, சின்னச் செலவுகளுக்கான பணத்திலிருந்து தாழ்ப்பாளுக்கு ஒதுக்கியது. ஸ்மார்ட் போர்டு பற்றி யாரும் வாய் திறக்கவில்லை, நான் உட்பட.

மார்ச் 30

எட்டுக் கதவுக்கும் தாழ்ப்பாள் மாட்டியாகிவிட்டது. தச்சர் தன் உயரத்துக்கு மாட்டிவிட்டார். ஒன்றாம் வகுப்புக் குழந்தைகளுக்கு எட்டவில்லை. ஏழாம் வகுப்புப் பெண்கள் குட்டிகளை வரிசையாக நிற்க வைத்து, கையை உயர்த்தச் சொல்லி, விரல் நுனி படுகிற இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டார்கள். கதவெல்லாம் கோடு. அதில் மிகத் தாழ்ந்த கோட்டில் இரண்டு கதவுக்கு இரண்டாவது தாழ்ப்பாள். கோட்டை அழிக்க வேண்டாம் என்று ஆயாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

ஏப்ரல் 6

கணக்கு ஆசிரியை இடமாறுதல் கேட்டிருக்கிறார். “உங்க மேல கோபம் இல்ல மேடம். எனக்குக் கதவைச் சாத்திட்டுப் பாடம் நடத்தத்தான் பிடிக்கும்.” தடுக்கலாம், காரணமும் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவருக்கு ஈடாக யார் வருவார் என்று தெரியாது. இந்த இழப்பை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

ஏப்ரல் 19

கேட் நோட்டைப் பெற்றோர் இருவர் தொகுத்து வந்தார்கள். தாமதத்துக்குக் காரணங்களில் ‘தூங்கிவிட்டேன்’ நான் நினைத்ததைவிடக் குறைவு. தம்பி தங்கையை விட்டுவிட்டு வந்தது, தண்ணீர் பிடித்தது, பஸ். பாலர் பள்ளியிடம் எட்டே காலுக்குத் திறக்க முடியுமா என்று கேட்கத் தாத்தா போகிறார். (ஆமாம், முதல் கூட்டத்துத் தாத்தாதான். வட்டாரத்தினர் இருவரில் ஒருவர்.) அடிக்கடி வராத 67 பேரில் 38 பேர் இந்த மாதம் ஒரு நாளுக்கு மேல் விடுப்பு எடுக்கவில்லை. மீதி 29 பேருக்குக் கேட் காரணமே இல்லை போலிருக்கிறது. வாசிப்பில் மாற்றம் வந்ததாகச் சொல்ல இன்னும் எதுவும் கையில் இல்லை.

ஏப்ரல் 21

மேலிடத்திலிருந்து போன். திட்ட அறிக்கையின் வரைவு எங்கே, தொலைநோக்கு வாசகம் எழுதியாகிவிட்டதா என்று கேட்டார்கள். அனுப்புகிறேன் என்றேன். குழுவைக் கேட்காமல் அனுப்ப முடியாது என்பது போனை வைத்த பிறகுதான் உறைத்தது.

நாளைக் கூட்டத்தை நடத்துவது தையல்கார அம்மா. அந்த 29 வீடுகளுக்கு யார் யார் போவது என்று பிரிக்க வேண்டுமாம். என்னைப் பதிவேடுகளை எடுத்துக்கொண்டு ஐந்து நிமிடம் முன்னதாகவே வரச் சொல்லியிருக்கிறார்.