முதுகுக்குப் பின்னால் ஒரு எஞ்சின்
பழைய போட்டோ ஒன்று கண்ணில் பட்டது. அதிலிருந்து மனசு பின்பக்கம் எஞ்சின் வைத்த கார்களையே சுற்றிக்கொண்டிருக்கிறது.

ஃபோக்ஸ்வாகனின் பீட்டில் காரில் ரேடியேட்டரே கிடையாது. காற்றால் குளிரும் நான்கு சிலிண்டர் எஞ்சின், முதுகுக்குப் பின்னால் தையல் மெஷின் மாதிரி ஓடும். அறுபதுகளில் வந்த பல பீட்டில்களில் முன் கண்ணாடிக்குத் தண்ணீர் பீய்ச்ச மோட்டாரும் இல்லை. ஸ்டெப்னி டயரின் காற்றழுத்தம்தான் அந்த வேலையைச் செய்யும். சொன்னால் யாரும் நம்புவதில்லை.

1957இல் வந்த ஃபியட் 500 இன்னும் வேடிக்கை. 479 சிசி, இரண்டே சிலிண்டர். சாவியைத் திருப்பினால் மட்டும் கிளம்பாது, இருக்கைகளுக்கு நடுவே உள்ள குட்டி லீவரை இழுக்க வேண்டும். கியர்பாக்ஸில் சிங்க்ரோ (பற்கள் உரசாமல் கியர் விழ உதவும் அமைப்பு) இல்லாததால், கீழ் கியருக்கு வர கிளட்சை இரண்டு தடவை மிதித்து, நடுவில் ஆக்சிலரேட்டரை லேசாகத் தட்டி... சத்தமில்லாமல் விழுந்துவிட்டால் அன்றைக்கு முழுக்க கர்வம்தான்.

ஆனால் எடை பின்னால் இருப்பதை மறந்தால் போச்சு. ஒருமுறை நனைந்த வளைவில் பயந்துபோய் ஆக்சிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தேன். (எந்த வண்டி என்று சொல்ல மாட்டேன், பாவம்.) நின்றபோது வந்த வழியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த நண்பன் ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "வீட்டுக்குத் திரும்பணும்னா சொல்லியிருக்கலாமே" என்றான்.