கிணற்றுக்குள் இருந்த கிட்டார்

நவம்பர் 3, திங்கள்

நேற்றைய ஒத்திகையில் அண்ணாச்சி கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டுக் கேட்டார்: "என்ன தம்பி, கிணற்றுக்குள் இறங்கி நின்று வாசிக்கிறாயா?" எல்லோரும் சிரித்தார்கள். தபலாக்காரர் தேவைக்கு மேல் சிரித்தார்.

மொட்டை மாடி அறையில் இதே கிட்டார், இதே ஆம்ப். தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்களான பிக்கப்புகளில் கழுத்துப் பக்கம் இருக்கும் நெக் பிக்கப் மட்டும், கூர்மையைக் குறைக்கும் டோன் குமிழ் பாதி. ராத்திரி பத்து மணிக்குத் தனியாக உட்கார்ந்து வாசிக்கும்போது இதைவிட நல்ல ஒலி உலகத்தில் இல்லை என்று தோன்றும். குழுவோடு சேர்ந்ததும் காணாமல் போய்விடுகிறது. ஒலியளவைக் கூட்டினேன், பேஸ் கிட்டார் தம்பியும் கூட்டினான். ஐந்து நிமிடத்தில் அது ஒத்திகையாக இல்லை, சந்தைக்கடையாகிவிட்டது.

யோசித்துப் பார்த்தால் தவறு என்னுடையதுதான். கீழ்ப்பகுதி முழுவதும் பேஸ் கிட்டாருக்கு. நடுவில் அண்ணாச்சியின் இடது கை பாய் விரித்துப் படுத்திருக்கிறது. உருண்டையான, கூர்மை இல்லாத ஒலியோடு நானும் அதே பாயில் இடம் தேடுகிறேன். 16ஆம் தேதி பாளையங்கோட்டையில் கல்யாண வரவேற்பு. அதற்குள் இதைச் சரிசெய்ய வேண்டும்.

நவம்பர் 5, புதன்

என்னுடையது கை மாறி வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகைக் கிட்டார். மூன்று பிக்கப், ஐந்து நிலைச் சுவிட்ச். ஒன்பது வருடமாக வைத்திருக்கிறேன். சுவிட்சைத் தொட்ட நாள்களை விரல்விட்டு எண்ணலாம். இன்று ஒவ்வொரு நிலையிலும் ஒரே வரியை வாசித்துக் கேட்டேன்.

அப்போது ஒரு வேடிக்கை கண்ணில் பட்டது, அல்லது காதில் பட்டது. தடித்த ஆறாம் தந்தியை ஐந்தாம் ஃபிரெட்டுக்கு, அதாவது கழுத்தில் பதித்த ஐந்தாவது உலோகப் பட்டைக்கு, நேர் மேலே அழுத்தாமல் தொட்டுச் சுண்டினால், மணி அடித்தாற்போல் ஒரு மேல் சுரம் எழும். சுவிட்சை பிரிட்ஜ் பக்கம், அதாவது உடலில் தந்திகள் முடியும் பக்கம், வைத்துச் சுண்டினேன், கணீரென்று வந்தது. நெக் பக்கம் தள்ளிச் சுண்டினேன். டொக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். தந்தி கண் முன்னால் அதிர்ந்துகொண்டிருக்கிறது, ஆம்ப் வாயைத் திறக்கவில்லை.

அளவு நாடாவை எடுத்து அளந்தேன். தந்தியின் நீளம் 648 மில்லிமீட்டர். ஐந்தாம் ஃபிரெட்டில் தொட்டால் தந்தி நான்கு சம பாகங்களாகப் பிரிந்து அதிர்கிறது. பாகங்கள் சேரும் கணுக்கள் அசைவதில்லை. பிரிட்ஜிலிருந்து முதல் கணு 162 மில்லிமீட்டரில். நெக் பிக்கப்பின் காந்தங்கள் உட்கார்ந்திருப்பதும் அங்கேதான். தனக்கு மேலே அசைவதை மட்டுமே பிக்கப் கேட்கும். அசையாத இடத்தில் காதை வைத்தால் என்ன கேட்கும்?

நெக் பிக்கப்பின் இனிமைக்கு அந்தக் கணுவே காரணம் என்று சிலர் சொல்வதுண்டு. திறந்த தந்திக்குத்தான் அது பொருந்தும். மூன்றாம் ஃபிரெட்டை அழுத்தியதும் நீளம் குறைந்து கணு நகர்ந்துவிடுகிறது. நெக் பக்கம் தந்தி அகலமாக ஆடுவதால் அடிச் சுரம் அங்கே கனமாகக் கேட்கிறது. பிரிட்ஜை நெருங்க நெருங்க ஆட்டம் சிறுத்து, மேல் சுரங்களின் பங்கு கூடுகிறது. எனக்கு இந்த விளக்கம் போதும்.

நவம்பர் 6, வியாழன்

மாலை முழுவதும் மழை, மின்வெட்டு. எலெக்ட்ரிக் கிட்டார்காரனுக்கு முழு விடுமுறை.

நவம்பர் 8, சனி

சுவிட்சைப் பார்ப்பதற்கு முன்பே பார்க்க வேண்டியது பிக்கப்பின் உயரம். ஒன்பது வருடத்தில் ஒருமுறைகூட இதைத் தொடவில்லை என்று எழுதவே வெட்கமாக இருக்கிறது.

பிக்கப்பின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு திருகு. கடைசி ஃபிரெட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு, தந்தியின் அடிப்பக்கத்துக்கும் காந்தத்தின் தலைக்கும் உள்ள இடைவெளியை எஃகு அளவுகோலால் அளந்தேன். பழைய பாணி பிக்கப்புக்கு, ஸ்ட்ராட்டோகாஸ்டரைத் தயாரிக்கும் ஃபெண்டர் நிறுவனம் சொல்லும் அளவு தடித்த தந்திப் பக்கம் 2.4 மில்லிமீட்டர், மெல்லிய பக்கம் 2. என் நெக் பிக்கப் தடித்த பக்கத்தில் ஒன்றைத் தாண்டவில்லை. பிரிட்ஜ் பிக்கப்போ பள்ளத்தில் கிடந்தது.

பன்னிரண்டாம் ஃபிரெட்டுக்கு மேலே ஆறாம் தந்தி இரண்டு சுரத்துக்கு நடுவில் தள்ளாடுவதாக எத்தனை முறை புலம்பியிருக்கிறேன்! முறுக்காணியைக் குறை சொன்னேன். இரண்டு செட் தந்தி வாங்கிக் காசைக் கரைத்தேன். கடைசியில் பார்த்தால் காந்தம்தான் தந்தியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறது. திருப்புளியால் அரைச் சுற்று, கேட்பது, மறுபடி அரைச் சுற்று. நான்காவது முறை தள்ளாட்டம் நின்றது. பிறகு பிரிட்ஜ் பிக்கப்பைக் கொஞ்சம் மேலே கொண்டுவந்தேன். தந்தி அதிகம் ஆடாத இடத்தில் இருப்பதால் அது நெருங்கி நின்றால்தான் மற்றதோடு சமமாகக் கேட்கும்.

நெக் பிக்கப் இறங்கியதில் ஒலி கொஞ்சம் குறைந்தது. கூடவே அதன் கலங்கலும் குறைந்தது.

நவம்பர் 9, ஞாயிறு

ஒத்திகை. பிரிட்ஜும் நடு பிக்கப்பும் சேரும் இரண்டாம் நிலையில் தாளக் கட்டு வாசித்தேன். வீட்டில் இந்த ஒலி எனக்குப் பிடிக்காது; ஒல்லியாக, மூக்கால் பேசுகிற மாதிரி. இங்கே தபலாவின் வலந்தலைக்கும் கீபோர்டுக்கும் இடையில் போய் கச்சிதமாக உட்கார்ந்துகொண்டது. அண்ணாச்சி ஒன்றும் சொல்லவில்லை. அவர் சொல்லாவிட்டால் சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

இன்னொரு லாபம். ஒற்றைச் சுருள் பிக்கப்பில் மின்சாரத்தின் உர்ரென்ற இரைச்சல் எப்போதும் கூடவே வரும். தலைமுடியைவிட மெல்லிய செப்புக் கம்பியைக் காந்தங்களைச் சுற்றி ஏறக்குறைய 8,000 சுற்று சுற்றி வைத்தால் வேறென்ன செய்யும்? ஆனால் இரண்டாம், நான்காம் நிலைகளில் இரைச்சல் அடங்கிவிடுகிறது. என் கிட்டாரில் நடு பிக்கப்பின் காந்தம் தலைகீழ், சுற்றும் எதிர்த்திசை. வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டு சுருளிலும் எதிரெதிராகப் பிறந்து ஒன்றையொன்று தின்றுவிடுகிறது; தந்தியின் ஒலிக்குக் காந்தமும் மாறியிருப்பதால் அது கூடுகிறது. கிப்ஸன் நிறுவனத்தின் சேத் லவர் 1955இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த இரட்டைச் சுருள் பிக்கப்பின் தந்திரமும் இதுவே.

1954இல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வந்தபோது சுவிட்சுக்கு மூன்று நிலைதான். வாசிப்பவர்கள் அதை இரண்டு நிலைகளுக்கு நடுவில் தொங்கலாக நிறுத்தி இந்த மூக்கொலியைக் கண்டுபிடித்தார்கள். ஃபெண்டர் ஐந்து நிலைச் சுவிட்சைக் கொடுத்தது 1977இல். இருபத்துமூன்று வருடம்! வாசிக்கிறவன் சொல்வதைத் தயாரிக்கிறவன் கேட்பதற்கு இவ்வளவு நாளாகிறது.

நவம்பர் 12, புதன்

முதல் நிலை, பிரிட்ஜ் பிக்கப் மட்டும். இதைத்தான் இத்தனை வருடம் தள்ளி வைத்திருந்தேன்; காதில் ஊசி. காரணம் அதன் குணம் மட்டும் இல்லை. பழைய இணைப்பு முறையில் ஒரு டோன் குமிழ் நெக்குக்கு, இன்னொன்று நடு பிக்கப்புக்கு. பிரிட்ஜுக்கு எதுவும் கிடையாது. கடிவாளம் இல்லாத குதிரையைக் குறை சொல்லி என்ன பயன்?

தந்திகளைத் தளர்த்தி, பதினொரு திருகுகளைக் கழற்றி, பிளாஸ்டிக் தகட்டைத் தூக்கினேன். சுவிட்சில் நடு பிக்கப்பின் டோன் கம்பி வந்து சேரும் முனையிலிருந்து பிரிட்ஜ் முனைக்கு ஒரு விரற்கடைக் கம்பி. வேலை அவ்வளவே. முதலில் வைத்த ஈயம் மங்கலாக, மிளகு போல் உருண்டு நின்றது, ஆட்டினால் கரகரத்தது. ஈயத்தை மட்டும் சுட்டிருக்கிறேன், முனை சூடாகவில்லை. மறுபடி முனையைச் சுட வைத்து ஈயத்தைத் தொட்டேன்; பளபளவென்று வழிந்து பிடித்துக்கொண்டது.

குமிழை முழுதாகத் திறந்து வைத்தாலும் முன்பிருந்த கூர்மை ஒரு சிட்டிகை குறைந்திருக்கிறது. ஆறில் வைத்தால் ஊசி போய் விளிம்பு மட்டும் நிற்கிறது. இதை முன்பே செய்திருக்கலாம்.

நவம்பர் 17, திங்கள்

நேற்று வரவேற்பு. மேடையைச் சுற்றிலும் சீரியல் விளக்கு, பின்னால் ஆளுயர எல்இடி திரை. ஆம்பைப் போட்டதும் முதல் நிலையில் ஒரு வண்டுக் கூட்டமே புறப்பட்டது. உடனே இரண்டாம் நிலைக்குத் தள்ளினேன், மயான அமைதி. ஒலி மேசையில் இருந்தவர் ஓடி வந்தார். "சார், கிட்டார் லைன் வரவில்லையே?" ஒரு கட்டு வாசித்துக் காட்டினேன். "இரைச்சல் இல்லாததால் சந்தேகமாகிவிட்டது" என்றார்.

தாளத்துக்கு இரண்டாம் நிலை, மெதுவான பாட்டுகளுக்கு நெக்கும் நடுவும் சேர்ந்த நான்காம் நிலை. இரண்டு இடையிசைகளில் மட்டும் பிரிட்ஜ் தனியாக, டோன் ஆறில். வாசிக்காத நேரத்தில் வண்டுகள் கேட்காமல் ஒலியளவுக் குமிழை மூடிவைத்தேன். தவில் வாசிக்கும் மாப்பிள்ளையின் மாமா முதல் வரிசையிலிருந்து அந்த இடையிசைக்குத் தலையாட்டினார்.

என் நெக் பிக்கப்புக்கும் ஓர் இடம் கிடைத்தது. ஒரு பாட்டு கிட்டார் மட்டும் வைத்துத் தொடங்கும். எட்டு அட்சரம் வேறு யாரும் இல்லை. அங்கே ஐந்தாம் நிலை. தபலா நுழைவதற்கு ஒரு நொடி முன்னால் சுவிட்சை நான்குக்குத் தள்ள வேண்டும். தள்ளும்போது டக்கென்று ஒரு சத்தம் கேட்டது. எனக்கு மட்டும் கேட்டதாக நினைத்துக்கொள்கிறேன்.

நவம்பர் 20, வியாழன்

மூன்றாம் தந்தி மட்டும் இன்னும் கத்துகிறது. அதன் காந்தம் மற்றவற்றைவிட உயர்ந்து நிற்கிறது. இந்த வடிவம் வகுத்த காலத்தில் மூன்றாம் தந்தி மேலே மெல்லிய கம்பி சுற்றிய சுற்றுத்தந்தி; ஒலி குறைவு, அதனால் காந்தத்தை உயர்த்தினார்கள். இன்று நாம் போடுவது வெற்றுத் தந்தி. காந்தம் இன்னும் அந்தக் காலத்திலேயே நிற்கிறது.

காந்தத்தை உள்ளே தட்டிவிடலாமே என்று பேஸ் கிட்டார் தம்பி சுத்தியலோடு வந்துவிட்டான். இந்த வகையில் செப்புக் கம்பியை நேராகக் காந்தத்தின் மேலேயே சுற்றியிருப்பார்கள். தட்டினால் உள்ளே கம்பி அறுந்துபோகும். சுத்தியலைப் பிடுங்கி வைத்துக்கொண்டு அவனுக்குக் காபி கொடுத்தேன். தந்தி கத்தட்டும், அங்கே கொஞ்சம் மெதுவாகச் சுண்டிக்கொள்கிறேன்.